டான்யூப் கரையில் அறுபது ஜோடி ஷூக்கள்: ஒரு நினைவுச்சின்னத்தை எப்படிப் பார்ப்பது?

புடாபெஸ்ட் நகரில் டான்யூப் ஆற்றின் கிழக்குக் கரையோரமாக நடந்தால், ஹங்கேரி நாடாளுமன்றத்துக்குத் தெற்கே சுமார் 300 மீட்டர் தள்ளி, கரையின் விளிம்பில் ஷூக்கள் கிடக்கும். ஆண்கள் அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் ஷூ, பெண்களின் குதிகால் உயர்ந்த செருப்பு, உழைப்பாளியின் பூட்ஸ், நடுவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குழந்தை ஷூ. சில நேராக நிற்கின்றன, சில சாய்ந்து விழுந்திருக்கின்றன. எல்லாமே 1940களின் பாணி, எல்லாமே போட்டுத் தேய்ந்தவை. யாரோ கழற்றி வைத்துவிட்டு ஆற்றில் குளிக்க இறங்கிய மாதிரி இருக்கும். கிட்டே போய்க் குனிந்தால்தான் இரும்பு என்று தெரியும். கரையோடு சேர்த்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

இது ஹோலோகாஸ்ட் நினைவுச்சின்னம். 2005 ஏப்ரல் 16 அன்று திறக்கப்பட்டது. யோசனை ஜான் டோகாய் என்ற திரைப்பட இயக்குநருடையது. சிற்பி டியூலா பாவரோடு சேர்ந்து இதை உருவாக்கினார். மொத்தம் 60 ஜோடி. அவற்றுக்குப் பின்னால் 40 மீட்டர் நீளத்துக்கு, 70 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கல்திண்டு. மூன்று இடங்களில் இரும்புப் பலகை, ஹங்கேரியம், ஆங்கிலம், ஹீப்ரு என மூன்று மொழிகளில். அவ்வளவுதான். பீடம் கிடையாது, முகம் கிடையாது, வானத்தைச் சுட்டும் விரல் கிடையாது.

சிலை என்றாலே முச்சந்தியில் மாலையோடு நிற்கும் தலைவரை நினைத்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் சிற்பமா என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். அதைப் பிடித்துக்கொண்டே போனால், யூத இனப்படுகொலைக்கான நினைவுச்சின்னங்கள் ஏன் இப்படி விதவிதமாக, சில நேரம் விசித்திரமாக இருக்கின்றன என்பது விளங்கும். முதலில் கொஞ்சம் வரலாறு.

ஹோலோகாஸ்ட் என்பது நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் ஐரோப்பாவின் யூதர்களில் சுமார் 60 லட்சம் பேரைத் திட்டமிட்டுக் கொன்றதைக் குறிக்கும் சொல். ஹீப்ருவில் ஷோவா என்பார்கள். பேரழிவு என்று பொருள். ரோமா மக்கள், மாற்றுத்திறனாளிகள், சோவியத் போர்க்கைதிகள் என்று நாஜிகள் கொன்றவர்கள் வேறு பலரும் உண்டு.

ஹங்கேரி ஜெர்மனியின் கூட்டாளி. யூதர்களை ஒடுக்கும் சட்டங்களை அதுவே போட்டிருந்தது. ஆனாலும் 1944 வசந்தம்வரை அங்கிருந்த யூதர்களில் பெரும்பாலோர் உயிரோடு இருந்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 19 அன்று ஜெர்மன் படை உள்ளே வந்தது. மே 15 முதல் ஜூலை 9 வரை, எட்டே வாரங்களில், சுமார் 4,37,000 பேர் ரயிலேற்றி அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ், போலந்தில் நாஜிகள் நடத்திய கொலை முகாம். இந்த இடத்தில் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்: இந்த வேலைக்காக வந்த ஜெர்மானியர்கள் சில நூறு பேர்கூட இருக்கமாட்டார்கள். ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டியதும் பெட்டியில் அடைத்ததும் ஹங்கேரியின் சொந்தக் காவல்படையும் அதிகாரிகளும்தான்.

ஜூலையில் நாட்டின் தலைவர் ஹோர்தி ரயில்களை நிறுத்தினார். அதனால் தலைநகரின் யூதர்கள் மிச்சமிருந்தார்கள். அக்டோபர் 15 அன்று ஹோர்தி போரிலிருந்து விலகப் பார்க்க, ஜெர்மானியர்கள் அவரைக் கவிழ்த்துவிட்டு உள்ளூர் பாசிசக் கட்சியான அம்புச் சிலுவையை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதன் தலைவர் ஃபெரென்ஸ் சாலாஷி. அதற்குள் சோவியத் படை நெருங்கிக்கொண்டிருந்தது. கட்சியின் ஆயுதக்குழுக்கள் யூதர்களை வீடுகளிலிருந்தும், அவர்களை அடைத்து வைத்திருந்த பகுதியான கெட்டோவிலிருந்தும் இழுத்து வந்து, ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்திச் சுட்டன. குழி வெட்ட வேண்டியதில்லை. பிணத்தை ஆறே கொண்டுபோய்விடும். தோட்டாவை மிச்சம் பிடிக்க, இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக் கட்டி ஒருவரை மட்டும் சுட்டு, மற்றவர்களையும் அந்தப் பாரத்தோடு உறைபனி நீரில் இழுபட விட்டதும் உண்டு. இப்படிச் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1945 ஜனவரி 18 அன்று சோவியத் படை கிழக்குக் கரையைக் கைப்பற்றியபோதுதான் கெட்டோவில் எஞ்சியிருந்தவர்களுக்கு விடிந்தது.

சுடுவதற்கு முன்னால் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். போர்க்காலத்தில் தோல் ஷூவுக்கு நல்ல விலை.

மேற்கொண்டு படிக்கும்முன் அந்த வரியை ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். கரையில் நின்ற ஆளுக்கு மதிப்பில்லை, அவர் காலில் இருந்ததற்கு இருந்தது. டோகாயும் பாவரும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். சாகிறவரையும் சுடுகிறவரையும் அவர்கள் காட்டவில்லை. கொலைகாரன் திரும்பி வந்து எடுத்துக்கொள்ளப்போகிற பொருளை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். வெண்கலத்தில் வார்க்காமல் இரும்பில் வார்த்ததும் பொருத்தம். துரு ஏற ஏற அது பழைய தோலின் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்திலும் ஷூக்கள் உண்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆயிரமாயிரமாகக் குவிந்திருக்கும். அவை உண்மையானவை, கொல்லப்பட்டவர்கள் போட்டிருந்தவை, சாட்சிப் பொருள்கள். டான்யூப் கரையில் இருப்பவை அப்படியல்ல. ஒரு சிற்பி உட்கார்ந்து யோசித்து, எந்த ஷூ சாய வேண்டும், எது எதன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்தவை. குவியல் எண்ணிக்கையைச் சொல்கிறது. கரையில் ஒவ்வொரு ஜோடிக்கும் இடைவெளி விட்டிருப்பதால், பார்ப்பவர் தானாகவே அந்த இடைவெளியில் ஆட்களை நிறுத்திப் பார்க்கிறார்: இது கணவன், இது மனைவி, இது அவர்களின் பிள்ளை. யாரும் சொல்லித் தராமலே மனம் இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

சரி, இதற்கு ஏன் ஒரு சாதாரணச் சிலை போதவில்லை?

நினைவுச்சின்னம் என்ற வழக்கமே வெற்றியைக் கொண்டாட வளர்ந்தது. போரில் ஜெயித்த தளபதி, நாட்டுக்காக உயிர்விட்ட வீரர். உயரமான பீடம், அழியாத உலோகம், கீழே பெருமிதமான நாலு வரி. இனப்படுகொலைக்கு அந்த அச்சு ஒத்துவராது. செத்தவர்கள் எதற்காகவும் உயிரைக் கொடுத்தவர்கள் அல்லர், அது அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது. பலருக்கு உடலும் இல்லை, கல்லறையும் இல்லை. 60 லட்சத்தை எந்த உருவத்துக்குள் அடைப்பது? இதையெல்லாம்விடச் சங்கடமான கேள்வி ஒன்று உண்டு: அந்தச் சிலையை யார் வைக்கிறார்கள்? பிழைத்து வந்தவர்களா, அல்லது கொன்ற அரசின் வாரிசா?

இந்தக் கடைசிக் கேள்விதான் சாவி என்று எனக்குப் படுகிறது. கலை விமர்சகர்கள் பாணிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டால் பாதி விஷயம் தெளிந்துவிடும்.

பிழைத்தவர்கள் தரப்பிலிருந்து தொடங்கலாம். வார்சா கெட்டோவில் 1943இல் யூதர்கள் ஆயுதம் ஏந்தி எழுந்தார்கள். அந்த எழுச்சியின் நினைவாக, சுற்றிலும் இடிபாடுகள் கிடந்த நிலத்தில், 1948 ஏப்ரல் 19 அன்று நாதன் ராப்போபோர்ட் செய்த சின்னம் திறக்கப்பட்டது. முன்பக்கம் வெண்கலத்தில் திமிறி நிற்கும் போராளிகள். பின்பக்கம் கல்லில், தலைகுனிந்து நாடு கடத்தப்படும் கூட்டம். பீடம், வீரர், தசைநார் என்று பழைய மரபு அப்படியே இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 'ஆட்டு மந்தைபோலப் போய்ச் செத்தார்கள்' என்ற பேச்சுக்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சுவரில் பதித்திருக்கும் கருங்கல், தங்கள் வெற்றிச் சின்னங்களுக்காக நாஜிகளே ஸ்வீடனில் வாங்க ஏற்பாடு செய்திருந்த கல். 1970 டிசம்பர் 7 அன்று மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் மண்டியிட்டது இந்தச் சின்னத்தின் முன்தான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் சீகல் 1984இல் வைத்த சிற்பம் வேறு ரகம். வெள்ளை வண்ணம் பூசிய வெண்கல உருவங்கள். பத்துப் பிணங்கள் தரையில் கிடக்கின்றன. பதினோராவது ஆள் முள்கம்பி வேலியருகே நின்று வெளியே பார்க்கிறார். கொல்லப்பட்டவர், பிழைத்தவர் என்ற இரண்டையும் ஒரே காட்சிக்குள் வைத்தது இதன் சிறப்பு. நிற்கிறவர் முகத்தில் விடுதலையின் மகிழ்ச்சி என்று எதையும் தேட முடியாது. அவர் நிற்கிறார், அவ்வளவுதான். பின்னால் கிடப்பவர்கள் கிடக்கிறார்கள்.

அடுத்தது மயாமி பீச். ஹோலோகாஸ்டில் பிழைத்தவர்கள் பலர் குடியேறி வயதான ஊர் அது. அவர்களே குழு அமைத்து முயற்சி எடுத்து, 1990இல் ஒரு நினைவிடத்தைத் திறந்தார்கள். கென்னத் டிரைஸ்டர் வடித்தது: தரையிலிருந்து 42 அடி உயரத்துக்கு எழும் ஒரு வெண்கலக் கை. முன்கையில் ஆஷ்விட்ஸ் முகாமில் பச்சை குத்துவதுபோல ஓர் எண். அந்தக் கையைப் பற்றிக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவராக ஏறி, ஒருவரையொருவர் தாங்கி, கதறும் மனித உருவங்கள். சுற்றிலும் கருங்கல் சுவர், அதில் பெயர்கள், பெயர்கள், மேலும் பெயர்கள்.

புகைப்படத்தில் பார்த்தால் சற்று மிகையாகத்தான் இருக்கும். நாடகத்தனம் என்று முகம் சுளிப்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்படியொரு சின்னம் வேண்டும் என்று கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். தாய்க்குக் கல்லறை இல்லாதவர்கள், தம்பியின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லாதவர்கள். வெறுமையைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, ஐம்பது வருடமாக அதோடுதான் குடித்தனம். அவர்களுக்கு வேண்டியது உருவமும் பெயரும், வந்து கைவைத்துத் தடவிப் பார்க்க ஓர் எழுத்தும்.

ஜெர்மனியில் நிலைமை தலைகீழ். போருக்குப் பின் பிறந்த தலைமுறை 1980களில் கேட்டது: கொன்றவர்களின் பிள்ளைகள் நாம், கம்பீரமான சிலை வைக்க நமக்கு என்ன யோக்கியதை? சிலை வைத்தாகிவிட்டது, கடமை முடிந்தது என்று ஊர் நிம்மதியாகத் தூங்கிவிடாதா? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்த படைப்புகளை எதிர்-நினைவுச்சின்னம் என்கிறார்கள். நினைவுச்சின்னம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறோமோ அதைக் கவிழ்த்துப் போடுபவை.

ஹாம்பர்க்கை ஒட்டிய ஹார்பர்க்கில் யோஹன் கெர்ட்ஸும் எஸ்தர் ஷாலெவ்-கெர்ட்ஸும் 1986இல் 12 மீட்டர் உயரத் தூண் ஒன்றை நிறுத்தினார்கள். மேலே ஈயப் பூச்சு. பக்கத்தில் கீறி எழுத ஓர் எஃகு எழுத்தாணி. பாசிசத்துக்கு எதிராக உங்கள் பெயரை எழுதுங்கள் என்று அழைப்பு. கை எட்டும் உயரம்வரை எழுத்து நிறைந்ததும் தூணைக் கொஞ்சம் தரைக்குள் இறக்குவார்கள். மறுபடி நிறையும், மறுபடி இறங்கும். பெயர்கள் மட்டுமா எழுதினார்கள்? காதல் இதயம், கிறுக்கல், நாஜிகளின் சின்னமான ஸ்வஸ்திகா எல்லாம் வந்தன. கலைஞர்கள் எதையும் அழிக்கவில்லை. ஊரின் மனசு இதுதான் என்றால் அதுவும் பதிவாகட்டும் என்று விட்டார்கள். 1993இல் தூண் முழுசாக மண்ணுக்குள் போய்விட்டது. இப்போது அங்கே போனால் அதன் தலைப்பகுதியைத் தரைமட்டத்தில் பார்க்கலாம்.

காசெல் நகரில் இன்னொன்று. சிக்மண்ட் ஆஷ்ராட் என்ற யூதத் தொழிலதிபர் 1908இல் நகருக்குக் கட்டித் தந்த நீரூற்றை 1939இல் நாஜிகள் இடித்தார்கள். பிறகு அதைத் திருப்பிக் கட்டலாம் என்று பேச்சு வந்தபோது, ஹோர்ஸ்ட் ஹோஹைசல் என்ற கலைஞர் அதே 12 மீட்டர் வடிவத்தைத் தலைகீழாகப் பூமிக்குள் இறக்கிவிட்டார். மேலே நின்றால் காலடியில் தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்கும். இடித்ததை எழுப்பிவிட்டால் இடிக்கவேயில்லை என்றாகிவிடும் அல்லவா? எனக்கு இது ரொம்பப் பிடித்த சின்னம்.

பெர்லினில் பீட்டர் ஐசன்மான் வடிவமைத்த 2,711 கான்கிரீட் பாளங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2005 மே மாதம் திறந்தார்கள், டான்யூப் ஷூக்களுக்கு ஒரு மாதம் கழித்து. பாளங்களில் ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர்களும் கதைகளும் நிலத்தடித் தகவல் மையத்தில். இதற்கு நேரெதிராக, எல்லாவற்றையும்விடச் சிறியது: குன்டர் டெம்னிக் 1990களில் தொடங்கிய தடுக்கிக் கற்கள். 10 சென்டிமீட்டர் கல், மேலே பித்தளைத் தகடு, 'இங்கே வாழ்ந்தவர்' என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த ஆண்டு, என்ன ஆனார் என்ற விவரம். அவர் கடைசியாக விரும்பிக் குடியிருந்த வீட்டு வாசல் நடைபாதையில் பதிப்பார்கள். தப்பி ஓடிப் பிழைத்தவர்களுக்கும் கல் உண்டு. குடும்பம் கல்லிலாவது ஒன்றுசேரட்டும் என்று. 2023இல் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ஆனால் மியூனிக் நகரம் தன் பொது நடைபாதையில் இவற்றை அனுமதிப்பதில்லை. செத்தவர் பெயரை மறுபடியும் காலால் மிதிப்பதா என்று அந்த ஊர் யூதச் சமூகத்தின் தலைமையே எதிர்த்தது. பெயரைப் படிக்கக் குனிவது வணக்கம் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டிலும் எனக்கு ஞாயம் தெரிகிறது.

இத்தனையும் பார்த்துவிட்டு டான்யூப் கரைக்குத் திரும்பலாம். ஷூக்கள் இரண்டு மரபுக்கும் நடுவில் நிற்கின்றன. உருவம் உண்டு, ஆள் இல்லை. புரிந்துகொள்ள விளக்கப் புத்தகம் தேவையில்லை, ஆனாலும் அழவைக்க மெனக்கெடவில்லை. முக்கியமாக, சம்பவம் நடந்த கரையிலேயே இருக்கின்றன. பூங்காவுக்குள்ளோ அருங்காட்சியகத்துக்குள்ளோ இவற்றைக் கொண்டுபோய் வைத்தால் பாதி உயிர் போய்விடும். பக்கத்தில் ஓடும் தண்ணீரும் இந்தச் சிற்பத்தின் ஒரு பகுதி.

சரி, பலகையைப் படிப்போம். 1944–45இல் அம்புச் சிலுவை ஆயுதக்குழுவினர் டான்யூப்பில் சுட்டுத் தள்ளியவர்களின் நினைவாக, 2005 ஏப்ரல் 16 அன்று நிறுவப்பட்டது. இவ்வளவுதான் வாசகம். கொன்றவர் யார் என்று இருக்கிறது. கொல்லப்பட்டவர் யார்? கரையில் சுடப்பட்டவர்களில் யூதரல்லாதவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் மிகப் பெரும்பாலோர் யூதர்கள், யூதர்கள் என்பதற்காகவே சுடப்பட்டவர்கள். அந்தச் சொல் பலகையில் எங்கும் இல்லை. மூன்றில் ஒரு பலகை ஹீப்ருவில் இருப்பது மட்டும்தான் குறிப்பு. இத்தனை துல்லியமான ஒரு சிற்பத்துக்கு இப்படியொரு வாயடைத்த வாசகம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அங்கிருந்து நகருக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் சுதந்திரச் சதுக்கம். அங்கே 2014 ஜூலையில், ஓர் இரவில், போலீஸ் காவலோடு இன்னொரு சின்னம் எழுந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின் பலிகளுக்கானது என்று அரசு சொன்னது. உடைந்த தூண்களுக்கு நடுவே கப்ரியேல் தேவதூதர், அவர்தான் ஹங்கேரி; மேலிருந்து பாய்கிற கழுகு ஜெர்மனி. கழுகின் காலில் 1944 என்று எழுதிய வளையம்.

முன்பு குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னதை இப்போது எடுங்கள். 4,37,000 பேரை ரயிலேற்றிய காவல்படை இந்தச் சிற்பத்தில் எங்கே? அம்புச் சிலுவை எங்கே? யூதர்களுக்கு எதிரான சட்டங்களைப் போட்ட நாடாளுமன்றம் எங்கே? எல்லோரும் சேர்ந்து அப்பாவித் தேவதூதர் ஆகிவிட்டார்கள். சிற்பம் பொய் சொல்லும் விதம் இதுதான். பொய்யான தேதி எதையும் அது எழுத வேண்டியதில்லை. யாருக்குச் சிறகு, யாருக்கு நகம் என்று பங்கு போட்டுக் கொடுத்தாலே போதும். உலகத்தின் எந்தச் சின்னத்தின் முன் நின்றாலும், உருவங்களைப் பார்த்து முடித்ததும் இங்கே யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று தேடிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

புடாபெஸ்ட் மக்கள் பலருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. வேலை தொடங்கிய நாளிலிருந்தே எதிர்ப்பு. பிழைத்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் வந்து, கழுகுக்கு எதிரே தெருவோரமாகத் தங்கள் பொருள்களை வைக்க ஆரம்பித்தார்கள். குடும்பப் புகைப்படங்கள், கையால் எழுதிய கடிதங்கள், பழைய சூட்கேஸ், மெழுகுவர்த்தி. யூதர்கள் கல்லறையில் பூவுக்குப் பதிலாக வைக்கும் கூழாங்கற்கள். உயிருள்ள நினைவுச்சின்னம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதை வடித்த சிற்பி என்று யாரும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. தேவதூதருக்கும்தான் அரசு முறையான திறப்பு விழா நடத்தவில்லை.

டான்யூப் கரையிலும் வருகிறவர்கள் ஷூக்களுக்குள் பூவும் கூழாங்கல்லும் வைத்துவிட்டுப் போகிறார்கள். சதுக்கத்தில் அடுக்கியிருந்த பொருள்களுக்கு இடையிலும் சில ஜோடி ஷூக்கள் இருந்தன. அவை வார்த்தவை அல்ல, தோல்.